இரண்டு பிள்ளைகள், இரண்டு பிஎஸ்எல்இ

2019 ஆகஸ்ட்டில் ஒரு வெள்ளிக்கிழமை. கோவிலுக்குக் கிளம்பும்போது மூத்தவளுக்குப் பொட்டு வைக்க முகத்தை நிமிர்த்தினேன். இடது புருவத்தின் ஓரத்தில் முடியே இல்லை. மொச்சைக்கொட்டை அளவுக்கு வழவழவென்று தோல் தெரிந்தது. "என்னடி இது?" என்றேன். "தெரியலம்மா" என்றாள். தெரியாமல் என்ன? வலது கை கணக்குப் போடும்போது இடது கை புருவத்துக்குப் போயிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறாள். அதே மேசையில் தினமும் மூன்று மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை. நான் பார்த்ததெல்லாம் விடைத்தாளின் மேல் மூலையில் சிவப்பு மையில் எழுதியிருந்த எண்ணைத்தான்.

எழுத்துத் தேர்வுக்கு அப்போது ஏழு வாரம்கூட இல்லை.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு பிஎஸ்எல்இ பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம். தொடக்கநிலை 6 முடிக்கும் பிள்ளைகள், அதாவது 12 வயதுக்காரர்கள், எழுதும் தேசியத் தேர்வு இது. 1960இல் தொடங்கியது. ஆங்கிலம், கணக்கு, அறிவியல், தாய்மொழி என்று நான்கு பாடங்கள். இதில் வாங்குவதை வைத்துத்தான் எந்த உயர்நிலைப் பள்ளி என்பது முடிவாகும். நான் கும்பகோணத்தில் படித்தவள். எங்களுக்குப் பரீட்சை பயம் என்றால் அது பத்தாம் வகுப்பில்தான். அதே 2019 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். அக்கா போனில், "பால் பல்லு விழுந்து முடியல, அதுக்குள்ள பப்ளிக் எக்ஸாமாம்" என்று பொரிந்து தள்ளினாள். எதிர்ப்பு வலுத்து, 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டார்கள். அக்கா பொரிந்துகொண்டிருந்தபோது நான் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மூத்தவளின் அறிவியல் தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் நான் செய்ததை எல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜனவரியிலேயே பிராஸ் பசா காம்ப்ளெக்ஸுக்குப் போய் 14 பயிற்சிப் புத்தகம் வாங்கினேன். பெயர் பெற்ற பள்ளிகளின் பழைய தேர்வுத்தாள்களை அச்செடுத்து, கட்டுக் கட்டாக மேசையில் அடுக்கினேன். வாரத்துக்கு நான்கு துணைப்பாட வகுப்பு. செப்டம்பரில் மூன்று வாரம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்து வீட்டில் உட்கார்ந்தேன். அம்மா தனக்காக வேலையைக்கூட விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது ஒரு பிள்ளையின் தலையில் எவ்வளவு கனக்கும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அப்போது 'டி-ஸ்கோர்' முறை. உங்கள் பிள்ளையின் மதிப்பெண் மட்டும் போதாது, மற்றப் பிள்ளைகள் என்ன வாங்கினார்கள் என்பதோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவார்கள். ஆகவே அடுத்த வீட்டுப் பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று கேட்டால் வயிற்றைக் கலக்கும். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மை. மூத்தவள் 221 வாங்கினாள். நல்ல மதிப்பெண்தான். புருவத்தைப் பார்த்த மறுவாரமே பள்ளி ஆலோசகரிடம் அழைத்துப்போனேன். அவர் அதிகம் பேசவில்லை. "வீட்டில் இவளிடம் படிப்பு தவிர வேறு என்ன பேசுவீர்கள்?" என்று மட்டும் கேட்டார். யோசித்தேன். "சாப்பிட்டியா" என்று கேட்பேன். வேறு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. முடி திரும்ப முளைக்க ஐந்து மாதம் ஆனது.

சின்னவன் 2023இல் எழுதினான். அதே ஆண்டு மூத்தவளுக்கு உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ நிலைத் தேர்வு. ஒரே வீட்டில் இரண்டு தேர்வு. இந்த முறை நிதானமாக இருப்பேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்திருந்தேன். பிப்ரவரியில் பள்ளியில் வைத்த கணக்குத் தேர்வில் அவன் 61 வாங்கி வந்தான். சத்தியம் போன இடம் தெரியவில்லை. "அறுபத்தொண்ணா?" என்று ஆரம்பித்தேன். உள்ளே படித்துக்கொண்டிருந்த மூத்தவள் எழுந்து வந்தாள். "அம்மா, அவன்கிட்ட மார்க்கைக் கேக்காதே. பேப்பரைக் கேளு" என்றாள். கோபமாக எல்லாம் சொல்லவில்லை. கடைக்குப் போகும்போது பால் வாங்கி வா என்பதுபோல்தான் சொன்னாள்.

அன்று இரவு மூன்று பேரும் அந்தத் தாளை விரித்துவைத்து உட்கார்ந்தோம். போன 39 மதிப்பெண் எங்கே போனது என்று மூன்று நிறப் பேனாவால் பிரித்தோம். பாடமே புரியாமல் விட்டது பச்சை. தெரிந்தும் நேரம் போதாமல் விட்டது நீலம். கேள்வியைச் சரியாகப் படிக்காமல், அலகு எழுதாமல், ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எண்ணை மாற்றி எழுதி விட்டது சிவப்பு. கூட்டிப் பார்த்தால் பச்சை 13, நீலம் 9, சிவப்பு 17. நான் அவனை எந்தத் துணைப்பாட வகுப்பில் சேர்க்கலாம் என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன். துணைப்பாடம் சரிசெய்யக்கூடியது அந்தப் பச்சை 13 மட்டும்தான். அதிலும் பாதி சதவீதம், பாதி விகிதம். இரண்டே தலைப்பு.

பத்துத் தாள் செய்வதைவிட ஒரு தாளைச் செய்துவிட்டு இரண்டு நாள் அதைத் தோண்டுவது மேல் என்பதை அன்றுதான் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு கணக்குத் தாள்தான். சனிக்கிழமை காலை, கடிகாரம் வைத்து. ஞாயிற்றுக்கிழமை திருத்தம். சிவப்புத் தவறுகளை அவனே ஒரு சின்ன நோட்டில் எழுதுவான். ஜூன் மாதம் அந்த நோட்டைப் புரட்டினால் 'கிலோ கேட்டான் கிராம் எழுதினேன்' என்பது ஏழு முறை இருந்தது. ஏழாவது முறை அவனே தலையில் அடித்துக்கொண்டான். நான் எழுபது முறை சொல்லியும் ஏறாதது அது.

மதிப்பெண் முறையும் மாறியிருந்தது. 2021 முதல் டி-ஸ்கோர் இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஏஎல், அதாவது அடைவுநிலை, 1 முதல் 8 வரை. 90 முதல் ஏஎல் 1, 85 முதல் 2, 80 முதல் 3, 75 முதல் 4, 65 முதல் 5, 45 முதல் 6. நான்கு பாடத்தையும் கூட்டினால் மொத்தம். மிகச் சிறந்தது 4, மிக மோசமானது 32. எண் சிறியதாக இருந்தால் நல்லது. மற்றப் பிள்ளைகளோடு ஒப்பீடு கிடையாது. இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியது, படிகளின் அகலம் ஒரே மாதிரி இல்லை என்பது. 45 வாங்கினாலும் 64 வாங்கினாலும் ஏஎல் 6தான். 64இலிருந்து 65க்குப் போனால் ஒரு படி ஏறுகிறது. அதே நேரத்தில் 81ஐ 84 ஆக்கப் பிள்ளையை விடிய விடிய உட்கார வைத்தால் ஒன்றும் மாறாது. ஆனால் இதுவும் ஒரு பைத்தியமாக மாறலாம். என் கணவர் இரண்டு வாரம், "தமிழ் 78, இன்னும் ரெண்டு மார்க்குதானே, ரெண்டே ரெண்டு" என்று ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். ஏஎல் அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தேன். கிழித்துவிட்டேன்.

அவரைப் பற்றிச் சொல்லும்போது கணக்குச் சண்டையையும் சொல்ல வேண்டும். துவாஸில் பொறியாளர். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் "எக்ஸ்னு வெச்சுக்கோ" என்பார். இங்கே தொடக்கப்பள்ளியில் பட்டை வரைந்து போடச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எக்ஸ் போட்டால் தவறு என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் பிள்ளைக்கு இரண்டு மொழி ஒரே நேரத்தில் காதில் விழுந்தால் குழம்பும். 2021 தேர்வில் வந்து, பிள்ளைகளை அழ வைத்து, இணையமெங்கும் சுற்றிய ஹெலன்-ஐவன் கணக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம்.

ஹெலனிடமும் ஐவனிடமும் ஒரே எண்ணிக்கையில் நாணயங்கள். இருவரிடமும் 50 காசும் உண்டு, 20 காசும் உண்டு. ஹெலனிடம் 20 காசு நாணயம் 64. ஐவனிடம் 104. ஹெலனின் நாணயங்கள் மொத்தம் 1.134 கிலோ எடை. யாரிடம் பணம் அதிகம், எவ்வளவு அதிகம்? ஒரு 50 காசு நாணயம் 20 காசு நாணயத்தைவிட 2.7 கிராம் கூடுதல் எடை என்றால் ஐவனின் நாணயங்கள் எத்தனை கிலோ?

அவர் எக்ஸ் வைத்தார், ஒய் வைத்தார், மொத்தம் எத்தனை நாணயம் என்று தேடினார். அரை மணி நேரம். காப்பி ஆறிப்போனது. அந்த எண்ணிக்கை கணக்கில் எங்கேயும் இல்லை, தேவையும் இல்லை. சின்னவன் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஒரே நீளத்தில் இரண்டு பட்டை போட்டான். மேலே 64 வரை நிழலடித்தான், கீழே 104 வரை. மிச்சத்தைப் பார்த்தான். "அப்பா, 40 காயின்தான் வித்தியாசம். இவன்கிட்ட 20 காசா இருக்கிற 40, அவகிட்ட 50 காசா இருக்கு" என்றான். ஒவ்வொன்றிலும் 30 காசு, ஆக ஹெலனிடம் 12 வெள்ளி அதிகம். எடையில் 40 முறை 2.7, 108 கிராம். 1.134இல் கழித்தால் 1.026 கிலோ. கிலோ என்பதைப் போட்டுவிட்டு, என்னைப் பார்த்து, அதன் கீழ் இரண்டு கோடு போட்டான். என் கணவர் அந்தப் பட்டையையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவன் கணக்கில் தலையிடவில்லை. "நீ எனக்குச் சொல்லிக்கொடு" என்று உட்கார ஆரம்பித்தார். சொல்லிக்கொடுக்கிறவனுக்குத்தான் எங்கே ஓட்டை என்று தெரியும் என்பதால் அது நன்றாக வேலை செய்தது.

அறிவியலில் கதை வேறு. தெரியும், ஆனால் எழுத வராது. குளிர்ந்த தண்ணீர் உள்ள குவளையின் வெளிப்புறம் ஏன் நீர்த்துளி என்று கேட்டிருந்தார்கள். "குவளை ஜில்லென்று இருப்பதால்" என்று எழுதி சைபர் வாங்கி வந்தான். ஒரு நாள் கீழே காப்பிக்கடையில் மைலோ பெங், அதாவது ஐஸ் போட்ட மைலோ, வாங்கிக் கொடுத்து, குவளையைத் தொடச் சொன்னேன். "இந்தத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு?" "உள்ளேருந்து." "அப்போ மைலோ நிறத்துல இருக்கணுமே?" விரலைப் பார்த்தான். தண்ணீர் தெளிவாக இருந்தது. அப்புறம்தான் சுற்றியுள்ள காற்றில் இருக்கும் நீராவி, குளிர்ந்த வெளிப்பரப்பில் பட்டு, வெப்பத்தை இழந்து, நீர்த்துளியாகிறது என்ற நான்கு துண்டும் வரிசையாக வந்தது. எங்கிருந்து, எதில் பட்டு, என்ன ஆகி, என்னவாக மாறி என்று விரல்விட்டு எண்ணுவான். பெரும்பாலான விளக்கக் கேள்விகளுக்கு இந்த நான்கு விரல் போதுமாக இருந்தது.

தமிழில் நாங்கள் முதல்முறை கோட்டை விட்டது வாய்மொழியில். பலர் கட்டுரைக்குத்தான் உயிரை விடுகிறார்கள். கட்டுரை 200க்கு 40. வாய்மொழி 50, கேட்டல் 20. இரண்டும் சேர்ந்தால் 70. வாய்மொழி ஆகஸ்ட்டிலும் கேட்டல் செப்டம்பரிலும் முடிந்துவிடும், எழுத்துத் தேர்வு அதற்குப் பிறகுதான். அதாவது மற்றவர்கள் தயாராகத் தொடங்கும்போது தமிழில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முடிந்துபோயிருக்கும். வாய்மொழியில் ஒரு பத்தி வாசிக்க வேண்டும், பிறகு ஒரு காணொளி பார்த்து ஆசிரியரோடு பேச வேண்டும். மூத்தவளுக்கு நான் பத்துப் பதில்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். தேர்வில் காணொளி வேறொன்றைப் பற்றி. எழுத்துத் தமிழில் இரண்டு வாக்கியம் ஒப்பித்துவிட்டு உறைந்துபோனாளாம்.

சின்னவனுக்கு என் அம்மாதான் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை மாலை 15 நிமிடம் கும்பகோணத்துக்கு வீடியோ அழைப்பு. நாங்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது. அந்த வாரம் பார்த்த ஏதாவது ஒன்றை அம்மாச்சிக்குச் சொல்ல வேண்டும். ஒருமுறை உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை நாமே திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்று விளக்கிக்கொண்டிருந்தான். "எச்சித் தட்டை எடுத்து வெக்கறதுக்குச் சட்டமாடா? ஏன், சொன்னா கேக்க மாட்டாங்களா?" என்று அம்மா கேட்டாள். அவன் சுத்தம் செய்யும் வயதான தாத்தாக்களைப் பற்றிச் சொன்னான், புறா தொல்லையைச் சொன்னான், தான் ஒருமுறை மறந்து ஓடிவந்து அப்பாவிடம் திட்டு வாங்கியதைச் சொன்னான். ஏன் என்ற கேள்விக்கு மேல் கேள்வி கேட்கும் ஒரு ஆள் வீட்டில் இருந்தால் வாய்மொழிக்கு வேறு பயிற்சி வேண்டாம். அம்மாவுக்கு இங்கே உள்ள எதுவுமே தெரியாது என்பதுதான் வசதி. எங்களுக்கு எல்லாம் தெரியும் என்பதால் அவன் எங்களிடம் அரை வாக்கியத்தில் நிறுத்திவிடுவான்.

பெற்றோர் குழுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆகஸ்ட்டில் முன்னோட்டத் தேர்வு முடிந்த இரவு என் போனில் 212 செய்தி. எந்தப் பள்ளித் தாள் கடினம், யார் எவ்வளவு, எந்த ஆசிரியரிடம் இன்னும் இடம் இருக்கிறது. படித்து முடித்தபோது இரவு 12. காலையில் என் முகத்தைப் பார்த்து சின்னவன், "யாராவது செத்துட்டாங்களா?" என்றான். குழுவை விட்டு விலகினேன். பள்ளிச் செய்தி எதையும் தவறவிடவில்லை. அவை பள்ளியிலிருந்து நேராக வந்துவிடுகின்றன.

துணைப்பாடமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வசதி குறைந்தவர்களுக்கு சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) வகுப்புகள் இருக்கின்றன, கட்டணம் குறைவு. ஆனால் எந்த 13 மதிப்பெண்ணுக்காக அனுப்புகிறோம் என்று தெரிந்து அனுப்புங்கள். சின்னவன் விகிதத்துக்கும் சதவீதத்துக்கும் மட்டும் இரண்டு மாதம் போனான். பிறகு நிறுத்திவிட்டோம்.

தேர்வு வாரத்தில் நான் விடுப்பு எடுக்கவில்லை. இரவு 9:30க்கு விளக்கு அணைந்துவிடும். காலையில் அவன் எப்போதும் சாப்பிடும் இட்லி. அன்றைக்கென்று வல்லாரை, பாதாம் என்று புதிதாக எதையும் கொடுத்து வயிற்றைச் சோதிக்கவில்லை. கால்குலேட்டர் அனுமதிக்கப்பட்ட வகைதானா என்பதை ஒரு மாதம் முன்பே பார்த்து வைத்தோம். முடிந்து வந்ததும் "எப்படிப் பண்ணே" என்று கேட்கக் கூடாது என்று வீட்டில் தடை. கணக்கு முடிந்த அன்று என் நாக்கில் அந்தக் கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது. "என்னடா சாப்பிட்டே" என்றேன். "நூடுல்ஸ். அப்புறம், கிலோ எழுதிட்டேன்" என்றான்.

நவம்பரில் முடிவு. சீட்டில் மதிப்பெண் இருக்காது, ஏஎல் மட்டும். ஆங்கிலம் 4, கணக்கு 5, அறிவியல் 4, தமிழ் 2. மொத்தம் 15. ஆறு பள்ளிகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். வரிசை முக்கியம். ஒரே மதிப்பெண்ணில் இடம் போதாவிட்டால் முதலில் குடியுரிமை பார்ப்பார்கள், அடுத்து நீங்கள் எத்தனையாவது விருப்பமாகப் போட்டீர்கள் என்பது, அதற்கும் பிறகுதான் குலுக்கல். ஆகவே பெருமைக்காக எட்டாத பள்ளியை முதலில் போட்டு ஒரு இடத்தை வீணாக்காதீர்கள். சின்னவன் மே மாதமே மூன்று பள்ளிகளின் திறந்த நாளுக்குப் போய்வந்திருந்தான். பேருந்தில் 12 நிமிடம், நல்ல பூப்பந்தாட்டக் குழு. அதுதான் அவன் முதல் விருப்பம். கிடைத்தது.

முடிவு வந்த அன்று பள்ளி மண்டபத்துக்கு வெளியே நின்று முதலில் அம்மாச்சியை அழைத்தான். "அம்மாச்சி, ரிசல்ட் வந்துருச்சு. பதினஞ்சு!"

அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மா குரலைத் தாழ்த்தி, "பதினஞ்சா? போகட்டும் விடுறா கண்ணு. அடுத்த தடவை பாத்துக்கலாம். நீ சாப்பிட்டியா?" என்றாள்.